இரு கரை, ஓர் ஊர்: புல்ஸ்நிட்ஸின் நிலமும் வரலாறும் ஊராட்சியும்

தமிழ் அச்சுக்கலையின் வரலாற்றைக் கற்போர் பர்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் பெயரை நன்கு அறிவர். அவர் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கியதும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டு முடித்ததும் நம் கட்டுரைகளிலும் பாடநூல்களிலும் பலகால் எடுத்துரைக்கப்பட்ட செய்திகள். ஆனால் அவர் பிறந்த ஊரைப் பற்றி, 'ஜெர்மனியில் ஒரு சிற்றூர்' என்பதற்கு மேல் நாம் பேசுவதில்லை. அவரோ நம் ஊர்களையும் நூல்களையும் வழிபாட்டையும் வழக்கங்களையும் பற்றிக் கட்டுக்கட்டாக எழுதித் தம் நாட்டாருக்கு அனுப்பினார். அவர் நம்மை அறிய முயன்ற அளவில் சிறு பகுதியேனும் நாம் அவருடைய ஊரை அறிய முயல்வது முறையாகும். இப்பொழிவின் நோக்கம் அதுவே.

அவ்வூரின் பெயர் புல்ஸ்நிட்ஸ். ஏறத்தாழ 7,500 மக்கள் வாழும் சிறு நகரம். உலக வரலாற்று நூல்களின் பொருளடக்கத்தில் இதன் பெயரைக் காண இயலாது. எனினும், ஓர் ஊரின் காரியங்களை முடிவு செய்ய வேண்டியவர் யார் என்னும் வினாவுக்கு இவ்வூர் பல காலங்களில் பலவகை விடைகளைக் கண்டிருக்கிறது. நிலப்பிரபு, அரசர், கட்சி, ஊரார் என்று அதிகாரம் கைமாறிய வரலாற்றைச் சிற்றூர் ஒன்றின் அளவில் காணும்போது, பேரரசுகளின் வரலாற்றில் மறைந்துபோகும் பல செய்திகள் நமக்குத் தெளிவாகின்றன.

நிலமும் பெயரும்

புல்ஸ்நிட்ஸ் ஜெர்மனியின் கிழக்கிலுள்ள சாக்சனி மாநிலத்தில், அதன் தலைநகரான டிரெஸ்டனுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. பௌட்சன் மாவட்டத்தைச் சேர்ந்தது. லௌசிட்ஸ் எனப்படும் நிலப்பகுதியின் மேற்கு ஓரம் இது. கருங்கல் பாறைகளின்மீது எழுந்த தாழ்ந்த குன்றுகளும், குன்றுகளின் சரிவில் காடும், இடையிடையே வயலும் புல்வெளியும் கொண்ட நிலம். சூழவுள்ள குன்றுகளில் உயரமானவைகூட 400 மீட்டரைச் சற்றே கடப்பவைதாம்.

ஊருக்குப் பெயர் தந்தது ஆறு. புல்ஸ்நிட்ஸ் என்னும் அச்சிற்றாறு வடக்கு நோக்கி ஓடி, சுவார்ட்சே எல்ஸ்டர் என்னும் ஆற்றில் கலக்கிறது. அந்நீர் பின்னர் எல்பே ஆற்றின் வழியாக வடகடலைச் சேர்கிறது. ஆற்றின் பெயர் ஜெர்மன் மொழிக்குரியதன்று. ஸ்லாவிய மொழிகளுக்குரிய ஈற்றைக் கொண்ட பெயர் அது. ஜெர்மானியக் குடியேறிகள் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் மேற்கிலிருந்து வந்து காட்டைத் திருத்திப் பயிரிடுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, சோர்பியர் என்னும் ஸ்லாவிய இனத்தார் இந்நிலப்பகுதியில் குடியேறியிருந்தனர். ஆட்சி மாறியது, பேச்சுமொழியும் மெல்ல மாறியது, ஆற்றின் பெயரும் ஊர்ப் பெயரும் மட்டும் பழைய மொழியிலேயே நிலைத்துவிட்டன. இடப்பெயர்கள் வரலாற்றுச் சான்றுகளாவது எவ்வாறு என்று மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

சோர்பியர் மறைந்துவிடவில்லை. இன்றும் லௌசிட்ஸில் ஏறத்தாழ 60,000 பேர் தம்மைச் சோர்பியர் என்றே கருதுகின்றனர். பௌட்சன் நகரின் தெருப்பெயர்ப் பலகைகள் இரு மொழியிலும் எழுதப்பட்டுள்ளன. சாக்சனி மாநிலத்தின் 1992ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அவர்களுடைய மொழிக்கும் பண்பாட்டுக்கும் காப்பளிக்கிறது. புல்ஸ்நிட்ஸ் இன்று ஜெர்மன் மொழி பேசும் ஊரே. ஆயினும் வடகிழக்கே சிறிது தொலைவு சென்றால் சிறுபான்மை மொழியொன்று பள்ளியிலும் கோயிலிலும் உயிரோடு வழங்குவதைக் காணலாம்.

எல்லைக்கோட்டில் ஓர் ஊர்

ஆவணங்களில் புல்ஸ்நிட்ஸ் என்னும் பெயர் முதன்முதலாக 1225இல் காணப்படுகிறது. 14ஆம் நூற்றாண்டில் இது நகர உரிமை பெற்றது. நகர உரிமை என்பது அக்காலத்தில் வெறும் பட்டமன்று. சந்தை கூட்டவும், கைவினைஞர் குழுக்கள் அமைக்கவும், சிறு வழக்குகளைத் தீர்க்கவும் ஊரார்க்கு இடமளித்த சலுகைகளின் தொகுப்பு அது. ஆனால் அச்சலுகைகளுக்கு மேலே நிலப்பிரபு ஒருவர் இருந்தார். பௌட்சன், கோர்லிட்ஸ், காமென்ஸ் முதலிய நகரங்கள் அரசருக்கு நேரே கட்டுப்பட்டவையாய்த் தமக்குள் கூட்டணி அமைத்துக்கொள்ளும் வலிமை பெற்றிருந்தன. புல்ஸ்நிட்ஸுக்கு அந்நிலை வாய்க்கவில்லை. ஊரை அடுத்த மாளிகையில் வாழ்ந்த பிரபுவின் விருப்பத்தையும் அது கருத்தில் கொள்ள வேண்டியிருந்தது.

ஆறே ஊரின் பெரிய எல்லை. ஆற்றுக்குக் கிழக்கே மேல் லௌசிட்ஸ். அது பொகீமிய அரசின் முடிக்கு உட்பட்டிருந்தது. மேற்கே மைசன் சிற்றரசின் நிலம். பேச்சும் தொழிலும் வழிபாடும் ஒன்றாயிருப்பினும் ஆட்சி இரண்டு. சட்டமும் வரியும் இரண்டு. 1635இல் பிராகில் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி லௌசிட்ஸ் சாக்சனி அரசருக்குக் கைமாறியது. ஆற்றின் இரு கரைக்கும் ஒரே அரசர் வந்துவிட்டார். அவ்வாறாயினும் எல்லை அழியவில்லை. மேல் லௌசிட்ஸ் தனக்குரிய பழைய சட்டங்களையும் நிலக்கிழார் அவையையும் விடாமல் வைத்துக்கொண்டது. மேற்குக் கரைப் பகுதி இன்றும் 'மைசன் பக்கம்' என்னும் பெயராலேயே வழங்குகிறது. அரசர்கள் மாறுவதுபோல எல்லைகள் விரைவில் மாறுவதில்லை. அவை மக்களின் வாய்ச்சொல்லில் நெடுநாள் வாழ்கின்றன.

மிளகும் நீலமும்

இந்நிலம் பெருஞ்செல்வம் தரும் நிலமன்று. எனவே ஊரார் கைத்தொழிலை நாடினர். மட்கலம் வனைதல், நாடா நெய்தல், துணியில் நீலச்சாயம் அச்சிடுதல் ஆகியவை தலைமுறை தலைமுறையாக நடந்தன. ஆனால் ஊருக்குப் புகழ் சேர்த்தது ஒரு தின்பண்டம். 'மிளகு அப்பம்' என்று பொருள்படும் பெஃபர்கூகன் அது. 1558இல் புல்ஸ்நிட்ஸ் அடுமனையாளர்கள் இதனைச் செய்யும் உரிமையைப் பெற்றனர். இன்றும் குடும்பத் தொழிலாக இதனைச் செய்யும் சிறு அடுமனைகள் ஊரில் உள்ளன. இதற்கென ஓர் அருங்காட்சியகமும் உண்டு. ஜெர்மனியில் 'மிளகு அப்ப நகரம்' என்றாலே இவ்வூர்தான் நினைவுக்கு வரும்.

பெயரில் உள்ள மிளகு நம் கவனத்திற்குரியது. இடைக்கால ஐரோப்பாவில் மிளகு என்னும் சொல் தொலைகடலுக்கு அப்பாலிருந்து வந்த நறுமணப் பொருள்கள் அனைத்தையும் குறிக்கும் பொதுச்சொல்லாய் நின்றது. இலவங்கப்பட்டை, கிராம்பு, ஏலக்காய் என எல்லாம் அதனுள் அடக்கம். தென்னிந்தியக் கரையில் விளைந்த மிளகு அரபு வணிகர் கையிலும் பின்னர்ப் போர்த்துகீசியர் கப்பலிலும் ஏறி, பல சந்தைகளைக் கடந்து, கடலையே காணாத இவ்வூரின் அடுப்படியை அடைந்தது. நீலச்சாயத் தொழிலுக்கும் இத்தகைய கடல்வழித் தொடர்பு உண்டு. உள்ளூரில் விளைந்த சாயச்செடியின் இடத்தை ஆசியாவிலிருந்தும் பின்னர் அமெரிக்காவிலிருந்தும் வந்த அவுரி நீலம் கைப்பற்றிய பிறகே அத்தொழில் செழித்தது. நீல அச்சுத்துணித் தொழிலை யுனெஸ்கோ நிறுவனம் 2018இல் மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. புல்ஸ்நிட்ஸில் அக்கலை இன்றும் கையால் செய்யப்படுகிறது.

இங்கிருந்து புறப்பட்ட இருவர்

1682இல் இவ்வூரில் தானிய வணிகர் ஒருவரின் மகனாகச் சீகன்பால்கு பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். காமென்ஸிலும் கோர்லிட்ஸிலும் பள்ளிக் கல்வியும், பின்னர் ஹாலே நகரில் உயர்கல்வியும் பெற்றார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் ஆணைப்படி ஹென்ரிக் புளூச்சாவ் என்பவருடன் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டார். தரங்கம்பாடியும் ஒருவகையில் எல்லை ஊரே. தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து 1620இல் டேனியர் பெற்ற சிறு கடற்கரைப் பகுதி அது. கோட்டையும் கொடியும் டேனியருடையவை. சூழவுள்ள நிலம் தஞ்சை மன்னருடையது.

அவர் வந்த நோக்கம் சமயம் பரப்புவதே. அதனை மறைக்கவோ மிகைப்படுத்தவோ வேண்டுவதில்லை. ஆனால் அந்நோக்கத்திற்காக அவர் மேற்கொண்ட வழி கற்றல். திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். இரண்டே ஆண்டுகளில், தாம் தேடித் தொகுத்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் ஒன்றை 1708இல் எழுதினார். அதே காலத்தில் டேனிய ஆளுநருடன் முரண்பட்டுச் சில திங்கள் கோட்டைக்குள் சிறைப்பட்டார். ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியனவாய்த் தாளை விழுங்கவே, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. இங்கே ஆசிரியர்கள் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தமிழின் முதல் அச்சு நூலை வெளியிட்டவர் சீகன்பால்கு அல்லர். 1578இலேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சாகிவிட்டது. அவருடைய சிறப்பு, நின்றுபோயிருந்த அப்பணியைத் தொடர்ந்து நடைபெறும் தொழிலாக நிலைநிறுத்தியதில் உள்ளது. அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதிய நூலோ 1867 வரை அச்சேறவில்லை. 1719இல் தம் 36ஆம் வயதில் தரங்கம்பாடியிலேயே மறைந்தார்.

மற்றொருவர் சிற்பி எர்ன்ஸ்ட் ரீட்ஷல். 1804இல் புல்ஸ்நிட்ஸில் பிறந்தவர். வைமர் நகரில் கோதேயும் ஷில்லரும் அருகருகே நிற்கும் புகழ்பெற்ற சிலை 1857இல் அவர் படைத்தது. அவருடைய சிலை இன்று ஊர்ச் சந்தைத் திடலில் நிற்கிறது. சிற்றூர்கள் தம் மக்களை வெளியே அனுப்பிவிட்டுப் பின்னர் அவர்தம் பெயரால் தம்மை அறிமுகம் செய்துகொள்வது எங்கும் உள்ள வழக்கம். ஆயினும் ஓர் ஊரை அதன் புகழ்பெற்ற மக்களைக் கொண்டு மட்டும் அளப்பது பொருந்தாது. ஊரை விட்டுச் செல்லாதவர்கள் அவ்வூரை எவ்வாறு நடத்தினர் என்பதே அதன் வரலாற்றின் பெரும்பகுதி.

உரிமை வந்ததும் போனதும்

சாக்சனியில் 1832இல் இயற்றப்பட்ட நகராட்சிச் சட்டம் நகர மக்களுக்குத் தம் மன்றத்தைத் தாமே தேர்ந்தெடுக்கும் வழியைத் திறந்தது. அன்று வாக்குரிமை எல்லார்க்கும் இல்லை. குடியுரிமையும் உடைமையும் உடைய ஆடவர்க்கே உரியது. 1918இல் முடியாட்சி வீழ்ந்தபின் பெண்களும் வாக்களித்தனர். இவ்வாறு நூறாண்டுகளில் படிப்படியாக விரிந்த உரிமை, மிகக் குறுகிய காலத்தில் பறிபோயிற்று. 1933இல் ஆட்சியைப் பிடித்த நாசிக் கட்சி, 1935 ஜனவரி 30ஆம் நாள் ஜெர்மானிய நகராட்சிச் சட்டத்தைப் பிறப்பித்தது. அதன்படி மேயரும் மன்ற உறுப்பினரும் தேர்தலின்றி அமர்த்தப்பட்டனர்.

போர் முடிந்து 1949இல் கிழக்கு ஜெர்மனி தனி நாடானபின்னும் நிலை சீராகவில்லை. 1952இல் மாநிலங்கள் கலைக்கப்பட்டன; சாக்சனி என்னும் பெயரே ஆட்சி வரைபடத்திலிருந்து நீங்கியது. புல்ஸ்நிட்ஸ் டிரெஸ்டன் ஆட்சி வட்டத்துள் வந்தது. ஊர் மன்றங்கள் நடுவண் அரசின் உள்ளூர் உறுப்புகளாயின. தேர்தல் நடந்தது, ஆனால் வாக்காளர் முன் இருந்தது ஒரே பட்டியல். வாக்குச்சீட்டில் எதனையும் குறிக்காமல் மடித்துப் பெட்டியில் இட்டால் அது ஒப்புதல் எனக் கொள்ளப்பட்டது. மறைவிடத்துக்குள் சென்று எழுதுவோர் ஐயத்துக்கு உள்ளாயினர்.

1989 மே 7ஆம் நாள் நடந்த ஊராட்சித் தேர்தலில் ஒப்புதல் வாக்கு 98.85 விழுக்காடு என அரசு அறிவித்தது. இம்முறை பல நகரங்களில் குடிமக்கள் வாக்கு எண்ணும் இடங்களுக்குச் சென்று தாமே கணக்கெடுத்திருந்தனர். அவர்கள் எண்ணியதும் அரசு அறிவித்ததும் பொருந்தவில்லை. டிரெஸ்டன் நகரின் அந்நாளைய மேயர் இத்தேர்தல் மோசடிக்காகப் பின்னர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் எழுந்த மக்கள் கிளர்ச்சிக்கு இம்மோசடி தந்த சினமும் ஒரு காரணம். அடுத்த ஊராட்சித் தேர்தல் 1990 மே 6ஆம் நாள் நடந்தது. ஓராண்டுக்கு ஒரு நாள் குறைவு. அன்று கிழக்கு ஜெர்மானிய ஊர்களின் வாக்காளர் கையிலிருந்த சீட்டில் பல பெயர்கள் இருந்தன, தேர்ந்தெடுக்கவும் வேண்டியிருந்தது. பேரரசியல் மாற்றங்களை நாம் பெர்லின் சுவரோடு மட்டும் சேர்த்து நினைக்கிறோம். ஊர்மன்றத்துக்கான வாக்குச்சீட்டும் அம்மாற்றத்தின் ஒரு முகமே.

இன்றைய ஊராட்சி

ஜெர்மனியின் 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, உள்ளூர் மக்களின் காரியங்கள் அனைத்தையும் சட்ட வரம்புக்குள் தம் பொறுப்பிலேயே நடத்தும் உரிமை ஊராட்சிகளுக்கு உண்டு என உறுதி செய்கிறது. அவ்வுரிமையின் நடைமுறையை மாநிலச் சட்டம் வகுக்கிறது. சாக்சனியில் நகர மன்றத்தின் காலம் 5 ஆண்டு. மேயரின் காலம் 7 ஆண்டு. மேயரை மன்றம் தேர்ந்தெடுப்பதில்லை. மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். மன்றத் தேர்தலில் ஒவ்வொருவர்க்கும் 3 வாக்குகள். மூன்றையும் ஒருவர்க்கே அளிக்கலாம். வெவ்வேறு பட்டியல்களில் உள்ளவர்க்குப் பகிர்ந்தும் அளிக்கலாம். கட்சியைவிட ஆளை அறிந்து வாக்களிக்கும் சிற்றூர் இயல்புக்கு இம்முறை பொருத்தமானது. ஊரில் குடியிருக்கும் பிற ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர்க்கும் இத்தேர்தலில் வாக்குரிமை உண்டு.

ஊராட்சியின் பணிகள் இருவகை. தீயணைப்பு, கழிவுநீர், மழலையர் பள்ளி, பள்ளிக் கட்டடம் ஆகியவை கட்டாயப் பணிகள். பள்ளியில் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஊதியம் தருவது மாநில அரசு; கூரையும் இருக்கையும் கரும்பலகையும் ஊராட்சியின் பொறுப்பு. நூலகம், அருங்காட்சியகம், நீச்சல்குளம் போன்றவை விருப்பப் பணிகள். வருவாயில் சொத்து வரியும் தொழில் வரியும் அடங்கும். அவற்றின் விகிதத்தை மன்றமே முடிவு செய்யலாம். அவ்வூரார் செலுத்தும் வருமான வரியில் 15 விழுக்காடும் ஊராட்சிகளுக்கு உரியது. தொழில் குறைந்து வருவாய் சுருங்கினால், முதலில் கத்தரிக்கப்படுவது விருப்பப் பணிகளே. எனவே நூலகக் கதவைத் திறந்து வைப்பதா என்னும் வினா, சிற்றூர் மன்றத்தில் வரிவிகிதம் பற்றிய வினாவாகவே வந்து நிற்கிறது.

சிறிய ஊர் தனித்து நிற்பதற்கும் விலை உண்டு. அலுவலர், கணக்கர், பொறியாளர் அனைவரையும் ஒவ்வோர் ஊரும் தனித்தனியே அமர்த்த இயலாது. ஆகவே புல்ஸ்நிட்ஸ் தன் அண்டை ஊர்களாகிய கிரோஸ்நௌன்டார்ஃப், லிக்டன்பெர்க், ஓகார்ன், ஸ்டைனா ஆகிய நான்குடன் நிருவாகக் கூட்டமைப்பில் இணைந்துள்ளது. அலுவலகப் பணிகளைப் புல்ஸ்நிட்ஸ் ஐந்து ஊர்க்கும் சேர்த்துச் செய்கிறது. ஆனால் ஒவ்வோர் ஊர்க்கும் தனி மன்றமும் தனி மேயரும் உண்டு. அலுவலகத்தைப் பகிர்ந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. மற்றொரு வழி முழு இணைப்பு. ஓபர்லிக்டனௌ என்னும் ஊர் 2009இல் புல்ஸ்நிட்ஸோடு இணைந்து அதன் ஒரு பகுதியாயிற்று. அதற்கு முந்திய 2008இல் காமென்ஸ், பௌட்சன் மாவட்டங்கள் ஒன்றாக்கப்பட்டன. மாவட்டத் தலைமையிடம் தொலைவாயிற்று. இணைப்பால் செலவு குறைகிறது; ஆனால் முடிவெடுக்கும் அறை ஒவ்வொரு முறையும் சற்றே விலகிச் செல்கிறது. எவ்வளவு தொலைவு விலகலாம் என்பதில் கிழக்கு ஜெர்மானியச் சிற்றூர்களில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இளைஞர் பெருநகரங்களுக்குப் பெயர்ந்து, முதியோர் மிகும் ஊர்களில் அவ்வினா மேலும் கூர்மையாகிறது.

முடிவாக

புல்ஸ்நிட்ஸின் வரலாற்றைத் தொகுத்துப் பார்க்கையில் ஓர் உண்மை புலனாகிறது. எண்ணூறு ஆண்டுகளில் பெரும்பகுதி, அவ்வூரைப் பற்றிய முடிவுகள் ஊருக்கு வெளியேதான் எடுக்கப்பட்டன. ஆற்றை எல்லையாக்கியதும், மாநிலத்தைக் கலைத்ததும் ஊரார் அல்லர். அவர்கள் தாமே முடிவு செய்த காலம் குறுகியது. அக்காலமும் இடையில் அறுபட்டது. ஊராட்சி என்பது பழமையால் தானே நிலைக்கும் பொருளன்று. ஒவ்வொரு தலைமுறையும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, வாக்குகளை எண்ணி, வரியையும் நூலகத்தையும் ஒருசேர எடைபோட்டு அதனைப் புதிதாக்க வேண்டியுள்ளது.

மாணவர்க்கு இவ்வூரை அறிமுகம் செய்யும் ஆசிரியர், தரங்கம்பாடியின் அச்சகத்திலிருந்து தொடங்கலாம், மிளகிலிருந்தும் தொடங்கலாம். எங்குத் தொடங்கினும், ஊர்மன்றத்தின் மேசைமுன் வந்து நிற்பது நன்று. சீகன்பால்கு நம்மிடம் வந்தபோது நூல்களை மட்டும் கேட்டு நிற்கவில்லை. மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர், யாருக்குக் கட்டுப்படுகின்றனர், எதனை முறையெனக் கொள்கின்றனர் என்றெல்லாம் வினவி எழுதினார். அவ்வினாக்களையே அவருடைய ஊரை நோக்கி நாமும் கேட்கக் கற்றால், உலக வரலாறு நமக்குப் பேரரசர்களின் பட்டியலாக இராது. ஊர்களின் வரலாறாக விளங்கும்.